ஊர் பேர் தெரியாமல் போன வில்லன்கள்

எங்கள் பிரிண்டிங் பட்டறையில் டிசைன் பார்க்கிற தம்பி ஒருவன் சொந்தமாக ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைகிறான். கதை நடக்கிற இடம் திருப்பூர். முதல் இருபது பக்கத்தைக் கூட்டாளிகளிடம் படிக்கக் கொடுத்திருக்கிறான். எல்லோரும் நாயகனைப் பற்றிப் பேசினார்களாம். வில்லன் பேர் என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம். போன வாரம் டீ குடிக்கும்போது முகம் வாடிப்போய்க் கேட்டான்:

"ஏனுங்ணா, ஜோக்கரத் தெரியாத ஆளில்ல. தானோஸ எங்க அமுச்சிக்குக் கூடத் தெரியும். ஆனா நூத்துக்கணக்குல வில்லனுக வந்துட்டுப் போயிட்டாங்க, ஒருத்தம் பேரும் நிக்கல. என்ற வில்லனுக்கும் அதே கதிதான். பவர் பத்தலீங்ளா?"

பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணி லோடு வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். இதே சந்தேகம் வேறு சிலருக்கும் இருக்கும்.

பவருக்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. 2013-ல் வந்த தோர் இரண்டாம் படத்தில் மாலெகித் என்று ஒரு வில்லன். மொத்த உலகங்களையும் இருட்டில் மூழ்கடிக்க வந்தவன். அதைவிடப் பெரிய திட்டம் எவன் போட முடியும்? நடித்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனும் லேசுப்பட்ட நடிகர் இல்லை. ஆனால் படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்களிடம் இன்று பேர் கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஜோக்கருக்குப் பறக்கத் தெரியாது, சுவரை உடைக்கத் தெரியாது. 1940-ல் பேட்மேன் முதல் இதழில் வந்தவன், எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அசையாமல் நிற்கிறான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பேர் நிற்கிற வில்லன் நாயகனுக்குப் பங்காளியாக இருப்பான்.

நம்ம பக்கத்தில் பங்காளி என்றால் என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. கிணற்றில் பங்கு, வண்டித்தடத்தில் பங்கு, குலதெய்வத்தின் கோயிலில் பங்கு. எவனோ ஒரு திருடன் ராத்திரியில் வந்து மோட்டாரைக் கழட்டிக்கொண்டு போனால் ஒரு வாரம் பேசுவோம். பங்காளி முறை தப்பித் தண்ணி பாய்ச்சினால் மூணு தலைமுறைக்குப் பேசுவோம். நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தால் திருடனால்தான் அதிகம். ஆனால் திருடனுக்கும் நமக்கும் நடுவில் வழக்கு ஒன்றும் இல்லை. பங்காளியிடம் இருக்கிறது. அவன் பக்கத்தில் நின்று பார்த்தால் அவனுக்கும் ஒரு நியாயம் தெரியும், அதுதான் நம்மைத் தூங்கவிடாது.

மாலெகித் மோட்டார் திருடன். தோருக்கும் அவனுக்கும் சொந்தமாக ஒரு கணக்கும் இல்லை. பகையெல்லாம் தோருடைய பாட்டன் காலத்துப் பகை. அதே படத்தில் லோகி இருக்கிறான். தோரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன், அதே சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டவன், அப்பா தன்னைக் குறைவாகப் பார்த்தார் என்ற காயத்தோடு அலைகிறவன். பங்காளி திரையில் நிற்கும்போது திருடனை யார் பார்ப்பார்கள்?

இது நமக்குப் புதுசும் இல்லை. சின்ன வயதில் எங்கள் அப்பாரு என்னைக் காங்கேயம் பக்கம் உடுக்கைப் பாட்டுக்குக் கூட்டிப் போவார். அண்ணன்மார் கதை, ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். 1965-ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் இந்தக் கதையை நம்ம கொங்குப் பகுதியிலேயே தங்கி ஒலிநாடாவில் பதிவு செய்தார். பாடி முடிக்கப் பதினெட்டு ராத்திரி ஆனது. அந்தக் கதையின் நாயகர்களான பொன்னரும் சங்கரும் பிறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் அப்பா குன்னுடையாக் கவுண்டரைப் பாடாய்ப் படுத்துவது யார்? பங்காளிகள். பிற்பகுதியில் எதிரில் நிற்பவர் தலையூர்க் காளி, வேட்டுவர் தலைவர். ஏர் பிடித்துக் காட்டைக் கழனியாக்க வந்தவர்களுக்கும், அந்தக் காட்டையே வீடாக வைத்திருந்தவர்களுக்கும் நடக்கிற சண்டை அது. காளி பக்கம் நின்று அந்தக் கதையைக் கேட்டால் அவர்தான் நாயகன். அப்படிச் சொல்கிறவர்கள் நம்ம ஊர்களிலேயே இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரியின் பேரை ஊர் இத்தனை காலம் சுமந்து வந்திருப்பதற்கு அதுதான் காரணம். கொம்பன் என்ற காட்டுப்பன்றிக்குக்கூடப் பேர் இருக்கிறது பார். பயிரை அழிக்க வந்த மிருகம்தான் அது. ஆனால் காட்டின் கோபமே அப்படி உருவெடுத்து வந்ததாகப் பாடுகிறார்கள், அதனால் வெறும் பன்றியாக அது செத்துப்போவதில்லை.

இதே கண்ணோடு படங்களைப் பார். 2018-ல் வந்த பிளாக் பாந்தர் படத்தில் வில்லன் கில்மாங்கர் நாயகனுக்குச் சித்தப்பா மகன், அசல் பங்காளி. பெரியப்பா கையால் தன் அப்பா செத்துப்போக, அனாதையாக வேற்று நாட்டில் விடப்பட்ட பையன், வளர்ந்து வந்து சிம்மாசனத்தில் பங்கு கேட்கிறான். அவன் செய்வது தப்பு, ஆனால் கேட்பதில் தப்பில்லை. எந்திரன் படத்தில் (2010) இரண்டு வில்லன்கள். பேராசிரியர் போரா ஒருவர். சிவப்புச் சிப் ஏறிய சிட்டி இன்னொருவன். போரா பேரை இப்போது நான் எழுதியதால்தான் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். சிட்டி வசீகரனின் கையால் பிறந்தவன், அவர் முகத்தையே வைத்திருப்பவன், அவர் காதலித்த பெண்ணையே காதலிப்பவன். அவனை எப்படி மறப்பது?

வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போனால் இன்னும் நல்ல உதாரணம் கிடைக்கிறது. மின்னல் முரளி, 2021. ஒரே ராத்திரியில் விழுந்த மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. ஒருவன் தையல்காரன், இன்னொருவன் ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஷிபு. பவரும் ஒன்று, ஊரும் ஒன்று, ஊர் கொடுத்த அவமானமும் ஏறக்குறைய ஒன்று. நம்ம குரு சோமசுந்தரம் அதில் செய்தது சாதாரண வேலை இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து மனதில் வைத்திருந்த பெண் கடைசியில் தன்னிடம் வரும்போது அந்த முகத்தில் வருகிற சிரிப்பையும் அழுகையையும் பார்த்து நான் கண் கலங்கினேன். அவன் உயிர்களைப் பறித்தவன் என்பதும் அதே நேரத்தில் நினைவில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகத் தாங்க முடியாமல் தவிக்கிறோமே, அந்தத் தவிப்புதான் அவன் பேரை நிறுத்துகிறது.

இனி மிஸ்டர் ஃப்ரீஸ் கதைக்கு வருகிறேன். நீ கேட்டதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. 1959-ல் பேட்மேன் 121-ஆம் இதழில் மிஸ்டர் ஜீரோ என்ற பேரில் வந்தான். பனித் துப்பாக்கி வைத்துக்கொண்டு வைரம் திருடுகிறவன், அவ்வளவுதான். 1966 தொலைக்காட்சித் தொடரில் பேரை ஃப்ரீஸ் என்று மாற்றினார்கள், ஆளை மாற்றவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவன் மூன்றாம் வரிசை ஆள். 1992-ல் பேட்மேன் கார்ட்டூன் தொடரில் பால் டினி ஓர் அத்தியாயம் எழுதினார். ஓடுகிற நேரம் அரை மணிக்கும் குறைவு. விக்டர் ஃப்ரைஸ் ஒரு விஞ்ஞானி. மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கண்டுபிடிக்கும்வரை அவளைப் பனியில் உறைய வைத்துக் காப்பாற்றுகிறான். செலவு அதிகம் என்று முதலாளி வந்து மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்கிறான். அப்போது நடந்த விபத்துக்குப் பிறகு இவனால் குளிரில் மட்டுமே உயிர் வாழ முடிகிறது. உடை அதே, துப்பாக்கி அதே, பவரும் அதே. உள்ளே ஓர் ஆள் வந்துவிட்டான். அந்த எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது. காமிக்ஸ்காரர்கள் தங்கள் பழைய கதையை ஒதுக்கிவிட்டு இதையே அவன் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள்.

அவன் பேட்மேனுக்கு எப்படிப் பங்காளி என்று கேட்பாய். இருவருமே உயிருக்கு உயிரானவர்களை இழந்த ஒரு நாளிலேயே நின்றுபோனவர்கள். ஒருவன் அந்தத் துக்கத்தை முகமூடியாக மாட்டிக்கொண்டான், இன்னொருவன் கவசமாக. அந்த அத்தியாயத்தில் பேட்மேன் ஃப்ரீஸின் கதையைத் தெரிந்துகொள்கிற இடம் வரும். அதற்குப் பிறகு அவனை அடிக்கும் அடியில் பழைய வேகம் இருக்காது. நமக்கும் இருக்காது.

காரணம் மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதே. 1997-ல் வந்த பேட்மேன் படத்தில் அர்னால்டு ஷ்வார்ஸ்நேகர் இதே ஃப்ரீஸாக நடித்தார். நோரா கதையும் படத்தில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தாலே பனியை வைத்து ஒரு சிலேடை. செத்துக்கொண்டிருக்கும் பெண்டாட்டியை நினைத்து உருகுகிறவன் அடுத்த நிமிஷமே கடி ஜோக் சொன்னால், அவன் துக்கத்தை யார் நம்புவார்கள்? எழுதியவருக்கே அந்த ஆள்மேல் மரியாதை இல்லாவிட்டால் படிக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்.

அந்தக் காலத்து வில்லன்கள் இத்தனை பேர் ஏன் வெறும் சாமான் வில்லன்களாக இருந்தார்கள், பட்டம் விடுகிறவன், கட்டைக்கால் வைத்து உயரமாக நடக்கிறவன், பசை பீய்ச்சுகிறவன் என்று? எழுதியவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் வெகு காலம் நினைத்திருந்தேன். அது தப்பு. 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸ் நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டன. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அப்போது பெரிய கூச்சல். குற்றவாளிமேல் படிப்பவருக்கு இரக்கம் வரும்படி எழுதக் கூடாது என்பதே அந்த விதிகளில் ஒன்று. யோசித்துப் பார், வில்லனுக்கு நியாயம் கொடுப்பதையே தடை செய்துவிட்டார்கள். பாதி முகம் அமிலத்தில் வெந்த டூ-ஃபேஸ், பேட்மேனுக்கு நண்பராக இருந்த அரசு வக்கீல், 1942-லேயே வந்துவிட்ட அருமையான பாத்திரம். 1954-க்குப் பிறகு பதினேழு வருஷம் காமிக்ஸில் தலைகாட்டவில்லை. 1971-ல்தான் திரும்பினான். நியாயத்தை எடுத்துவிட்டால் வில்லனிடம் மிஞ்சுவது கையில் இருக்கிற சாமான்தான். 1963-ல் வந்த பேஸ்ட்-பாட் பீட்டுக்குப் பசைத் துப்பாக்கி. பேரே சிரிப்பாகிவிட்டதால் இரண்டு வருஷத்தில் டிராப்ஸ்டர் என்று மாற்றிப் பார்த்தார்கள். பேர் மாறி என்ன, ஆள் அதே பசைக்காரன்தான்.

விதி தளர்ந்த பிறகு பார். எக்ஸ்-மென் குழுவின் எதிரி மேக்னீட்டோ 1963-லிருந்து கையை ஆட்டிக் கத்திக்கொண்டே இருந்தவன். 1981-ல் கிறிஸ் கிளேர்மான்ட், 150-ஆம் இதழில், அவன் நாஜி வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த சிறுவன் என்று எழுதினார். ஓர் இனத்தை அடையாளம் வைத்து அழிப்பதைக் கண்ணால் பார்த்தவன், பிறவியிலேயே சக்தி உள்ள தன் இனத்துக்கு அது மறுபடி நடக்கக் கூடாது என்கிறான். எக்ஸ்-மென் தலைவர் பேராசிரியர் சேவியரும் அதையே சொல்கிறார். ஒரே பயம், இரண்டு வழி. பதினெட்டு வருஷம் கழித்து ஒரு வில்லன் பிறந்தான் என்றே சொல்வேன்.

நம்ம தொழில் பக்கமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். கறுப்பு பனியனில் படம் போட அடியில் பூசுகிற வெள்ளைக்கு, ஒயிட் பேஸ் என்போம், ஒரு ஸ்கிரீன், அதன்மேல் ஒவ்வொரு கலருக்கும் ஒவ்வொரு ஸ்கிரீன். கலர் ஏற ஏறச் செலவு ஏறும். ஸ்பைடர்மேனின் எதிரி வெனம் முகத்தைப் போட வெள்ளை ஒன்றே போதும்: இரண்டு கண், பல் வரிசை, கறுப்புக்குத் துணியே இருக்கிறது. தூரத்தில் போகிற பைக்கில் உட்கார்ந்திருப்பவன் முதுகில் இருந்தாலும் தெரியும். ஜோக்கருக்குப் பச்சை முடியும் சிவப்பு வாயும். சில வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் வைத்திருந்த ஒரு பையர் எட்டு வில்லன் முகங்கள் கொண்ட செட் கேட்டார். ஆறு கலர், ஏழு கலர் என்று சாம்பிள் அடித்துக் கொடுத்தோம். ஐந்து முகங்களைச் சாம்பிளோடு நிறுத்திவிட்டார், ஸ்கிரீன் காசு எங்கள் தலையில் விழுந்தது. அந்த ஐந்தையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். எல்லாம் பாதி எரிந்த முகம், சாம்பல் கலர் கவசம், தலையில் கொம்பு. ஒன்றின் தலையை இன்னொன்றுக்கு மாற்றி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. கம்ப்யூட்டரில் செதுக்கிய வில்லன்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. 2017 ஜஸ்டிஸ் லீக் படத்து ஸ்டெப்பன்வுல்ஃப் நல்ல உதாரணம். நடிகரின் முகம் உள்ளே புதைந்துபோகிறது, வெளியே இருக்கிற கவசமும் மனதில் ஒட்டுவதில்லை. ஆகவே வரையும்போது கரியால் வெறும் நிழலாக வரைந்து பார். நிழலிலேயே ஆள் தெரியவில்லை என்றால் திரும்ப வரை.

வந்துபோகிற வாய்ப்பும் வேண்டும். ஜோக்கரை முதல் இதழிலேயே கொன்றுவிடுவதாகத்தான் இருந்தார்கள். ஆசிரியர் வேண்டாம் என்று சொல்லி, அவன் பிழைத்துக்கொண்டதாகக் கடைசியில் ஒரு கட்டத்தைச் சேர்க்க வைத்தார். அந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் இன்று ஜோக்கர் இல்லை. மார்வெல் படங்களின் பெரிய வில்லன் தானோஸ் 1973-லிருந்து காமிக்ஸில் இருப்பவன். படத்தில் 2012-ல் ஒரு கண நேரம் முகத்தைக் காட்டிவிட்டு, 2018-ல்தான் முழுசாக இறங்கினான். ஆறு வருஷம் காத்திருக்க வைத்தார்கள். முக்கால்வாசிப் பட வில்லன்களுக்கு அறிமுகம், சண்டை, சாவு எல்லாம் இரண்டே மணி நேரத்தில், அதிலும் பாதி நேரம் நாயகனின் பிறப்புக் கதைக்குப் போய்விடும்.

எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் சிவகாசியிலிருந்து வந்த புத்தகங்களில்தான் தொடங்கியது. 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது; 1984-ல் லயன். காங்கேயம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பழைய புத்தகமாக வாங்கி, தொண்டுப்பட்டித் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். மாயாவியை எதிர்த்த வில்லன்கள் எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல்கூடத் தேறவில்லை. ஆனால் லயனில் வந்த ஸ்பைடரை மறக்க முடியுமா? கூர்க்காது, வலைத்துப்பாக்கி, ஹெலிகார், பெல்ஹாம், ஆர்டினி! இங்கிலாந்தில் 1965-ல் அவன் வந்ததே குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகும் ஆசையோடுதான். பின்னால் அந்தக் கதைகளை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். நல்ல பக்கம் வந்த பிறகும் ஸ்பைடரின் அகம்பாவம் போகவில்லை. மாயாவியும் தொடக்கத்தில் கையில் கிடைத்த சக்தியைத் தப்பான வழியில் பயன்படுத்தியவன்தான். நாங்கள் உயிராக நேசித்த இரண்டு பேருமே வில்லத்தனத்தைத் தொட்டு வந்தவர்கள் என்பது எனக்கு ரொம்ப காலம் கழித்துத்தான் உறைத்தது.

நடிகரால்தான் வில்லன் நிற்கிறான் என்றும் நீ சொன்னாய். 1994-ல் வந்த அமைதிப்படையைப் பார். சூலூர் மணிவண்ணன் இயக்கம், கோயமுத்தூர் சத்யராஜ் இரட்டை வேடம். சூப்பர் ஹீரோ படம் இல்லை, ஆனால் உன் கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடையாது. அப்பன் வில்லன், மகன் நாயகன், இரண்டும் ஒரே முகம், ஒரே குரல். நாகராஜ சோழன் எம்.ஏ. என்ற பேர் இன்றைக்கும் தெருவில் புழங்குகிறது. மகன் பேரைச் சொல், பார்க்கலாம். கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, ஓட்டு எண்ணுகிற நேரத்தில் நாற்காலி நுனியில் பவ்யமாக உட்கார்ந்திருப்பான். முன்னிலை ஏற ஏற முதுகு சாய்ந்துகொண்டே போகும். ஒரு வசனம் தேவைப்படவில்லை, அவன் யார் என்று தெரிந்துவிட்டது. மகனுக்கு அப்படி ஒரு காட்சி எழுதப்படவில்லை.

மரித்தவன் மீள்வதும் உண்டு. 1960-ல் வந்த கைட் மேன், பட்டத்தில் தொங்கிக்கொண்டு திருடுகிறவன், காமிக்ஸ் உலகின் நிரந்தரக் கேலிப்பொருள். 2017-ல் எழுத்தாளர் டாம் கிங் அவனுக்கு ஒரு சின்னப் பையனைக் கொடுத்தார். அந்தப் பையன் வில்லன்களின் சண்டையில் சாகிறான். அதன்பிறகு அவன் பட்டத்தை மாட்டிக்கொண்டு வரும்போது யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. ஐம்பத்தேழு வருஷம் கழித்து.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். உன் வில்லன் நொய்யல் ஆற்றில் விஷச் சாயம் கலக்கிறான். ஏன் என்று கேட்டேன், "அவன் கெட்டவனுங்ணா" என்றாய். தம்பி, நம்ம ஊரில் நொய்யலைச் சாயமாக்கியது யார்? கெட்டவர்களா? சாயப்பட்டறை வைத்தவர்கள், அதில் கூலிக்குப் போனவர்கள், அதில் தோய்த்த துணியில் பிரிண்ட் அடித்த நான், சம்பளம் வாங்குகிற நீ. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் அத்தனையும் மூடியபோது, வட்டிக்கு வாங்கி மிஷின் போட்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும். அதே சாயத்தண்ணி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே விவசாயம் பார்த்த காட்டுக்காரர்களின் கிணறு உப்பாகிப் போனதும் தெரியும்.

உன் நாயகனை அந்தக் காட்டுக்காரர் மகனாக்கு. வில்லனைப் பட்டறையோடு சேர்த்து அப்பனையும் பறிகொடுத்தவனாக்கு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களாக இருக்கட்டும். முதல் சண்டையை ஃபேக்டரி மொட்டைமாடியில் வைத்திருக்கிறாயே, அதை அடித்துவிடு. அணைக் கரைமேல் ராத்திரியில் இரண்டு பேரும் சந்திக்கட்டும். அங்கே யாரும் கை ஓங்க வேண்டாம். "உங்கப்பன் கெணறு போச்சு, எங்கப்பன் உசுரு போச்சு, ஆருக்கு எச்சா?" என்று வில்லன் கேட்கட்டும். நாயகனிடம் பதில் இல்லாமல் அந்தப் பக்கம் முடியட்டும். இருபத்தோராம் பக்கத்தை அங்கிருந்து வரைந்துகொண்டு வா, பார்க்கிறேன்.